பட்டணத்து ஓரத்தில் குடித்தனம்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வயதான தாயார் ஒருவர் கோவில் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அருகே போனதும் எழுந்துகொண்டு, "சாமி, மகன் தாம்பரத்துப் பக்கம் வீடு வாங்கப் போறானாம். காட்டை வித்துக் கொடும்மான்னு கேக்கான். கொடுக்கவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்லுகிறேன். ஆனால் இந்தக் கேள்வி அந்தத் தாயாருடையது மாத்திரமல்ல. எட்டயபுரத்திலும் சுற்றியுள்ள கரிசற்காட்டுக் கிராமங்களிலும் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. மகனோ மகளோ சென்னையில் உத்தியோகம்; பெற்றோர் இங்கே; நடுவில் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். கோவில்பட்டியில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம். அங்கே இறங்குகிறவர்களில் அநேகர் பட்டணத்துக்குள் போவதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று பட்டணத்தின் ஓரத்திலேயே குடித்தனம் வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த வாரப் பாடமாக, குடும்பத்தோடு புறநகரில் குடியேறுவது நல்லதா, நல்லதென்றால் எப்படிப்பட்ட இடத்தில், எவ்வளவு ஜாக்கிரதையோடு என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது நலம்.

புறநகர் எப்படி உண்டானது?

பட்டணம் பெருகும்போது ஓரங்கள் வீடுகளாகின்றன. இன்று துணிக்கடைகளுக்குப் பேர்போன தியாகராய நகரே ஒரு காலத்தில் புறநகர்தான். மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியை 1920-களில் வற்ற வைத்து, அந்த இடத்தில் தெருக்களும் பூங்காவும் வீடுகளும் அமைத்தார்கள். ஏரியின் மேல் வீடு என்னும் வழக்கம் சென்னைக்குப் புதிதல்ல என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தின் கதை வேறு. நல்ல காற்றுள்ள இடம் என்று கருதப்பட்டதால்தான் 1928-ம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்கான ஆஸ்பத்திரியை அங்கே தொடங்கினார். இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. ஆக, ஆஸ்பத்திரி, ரயில், கல்லூரி, தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வர, அவற்றைச் சுற்றி வீடுகள் வந்தன. 2021-ம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்று அமைத்தார்கள். நேற்றைய ஓரம் இன்றைக்குத் தானே ஒரு பட்டணம் ஆகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கத்திச் சீமையிலிருந்து போகிறவர்களுக்குப் பட்டணத்தின் வாசற்படி இன்னும் தெற்கே நகர்ந்துவிட்டது.

இங்கிலாந்து தேசத்தில் எபனேசர் ஹாவர்ட் என்பவர் 1898-ல் ஒரு புத்தகம் எழுதினார். பட்டணத்தின் வேலையும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி, தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரங்களை ஏன் கட்டக் கூடாது என்று கேட்டார். 1903-ல் லெட்ச்வொர்த் என்ற ஊரை அப்படியே கட்டத் தொடங்கவும் செய்தார்கள். அவருடைய யோசனையில் முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. அந்த ஊரில் மனிதன் தூங்க மாத்திரம் போவதில்லை. வேலை, பள்ளிக்கூடம், கடை, விளைநிலம் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். இன்று விளம்பரக்காரர்கள் தோட்டத்தின் பெயரையும் பூங்காவின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். வேலை அருகில் இருக்க வேண்டும் என்ற பாதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஒரு புறநகர் குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும்போது, விட்டுப்போன அந்தப் பாதியைத்தான் நாம் முதலில் தேட வேண்டும்.

முதலாவது: தகப்பன் வீடு திரும்பும் நேரம்

பிள்ளைகள் தூங்கும் முன் தகப்பன் வீடு வந்து சேருகிறாரா? என்னைக் கேட்டால் இதுவே முதற் கேள்வி. தாயும் வேலைக்குப் போனால் அவளுக்கும் இதே கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வேலைக்குப் போக இரண்டு மணி, திரும்ப இரண்டு மணி ஆகும் வீடு ஒன்று. அரை மணியில் போய் அரை மணியில் திரும்பும் வீடு மற்றொன்று. வித்தியாசம் நாளைக்கு மூன்று மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி. வருஷத்துக்கு 900 மணி. அதை இரவு பகல் சேர்ந்த முழு நாட்களாகக் கணக்கிட்டால் 37 நாட்களுக்கு மேல். பிள்ளைக்கு 5 வயதாகும்போது தொடங்கி 15 வயது வரை இப்படியே போனால், அந்தப் பத்து வருஷத்தில் ஒரு முழு ஆண்டுக்கு மேல் தகப்பன் பிரயாணத்தில் கழித்திருப்பார். மனை சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் மலிவு என்று தூரத்தில் வாங்குகிறவர்கள், இந்த ஓராண்டை எந்த விலைக்கு விற்றோம் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

ஆகவே மகன் வேலை செய்யும் இடத்தை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். தாம்பரத்தில் 1984 முதல் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர்ப் பக்கத்தில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே வேலை என்றால் அந்தப் பக்கமே வீடு பார்ப்பது சிலாக்கியம். வேலை பட்டணத்துக்குள் என்றால் மின்சார ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருக்கட்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஒரு மணி நேரம் ஆகுமானால், "ரயில் பக்கத்திலேயே" என்ற விளம்பரத்தில் நமக்கு என்ன லாபம்?

இரண்டாவது: தண்ணீர்

இங்கேதான் நான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

2012-ம் ஆண்டு வைகாசி மாதம். நான் அப்போது வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு காரியமாகச் சென்னைக்குப் போயிருந்தபோது, நம் பக்கத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன், தாம்பரத்துக்கு மேற்கே மனை பார்த்திருப்பதாகவும் நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டான். தரகர் வேன் வைத்து அழைத்துப் போனார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. மண் கறுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பையன் சிரித்துக்கொண்டே, "நம்ம ஊர் மண் மாதிரியே இருக்கு சாமி" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல மண் என்று சொல்லி, கேட்டுக்கொண்டபடி அந்த மனையை மந்திரித்தும் கொடுத்தேன். பையன் அவ்வார்த்தையை நம்பி முன்பணம் கட்டினான்.

கரிசற்காட்டில் பிறந்தவனுக்கு அந்த மண் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கோடையில் வெடிக்கிற மண் மழையில் தண்ணீரை விடாது. அது களி. நம் கண்மாயில் தண்ணீர் வற்றினால் தரை எப்படி வெடிக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வண்டலைத்தானே வண்டி வண்டியாக அள்ளிக் காட்டுக்கு அடிக்கிறோம்! மனைகளுக்கு ஓரத்தில் காய்ந்த கோரை நின்றது. ஒரு பக்கம் கரை போல மேடு தெரிந்தது. ஆனாலும் நான் கேட்கவில்லை.

பையன் கடன் வாங்கி வீடு கட்டினான். மனைவி, பிள்ளை, தாயார் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி மழை பிடித்தது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். நம் மானாவாரிக் காட்டுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு அது. அங்கே ஒரே நாளில் கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் முதலான ஏரிகள் மறுகால் பாய்ந்து, அடையாற்றின் தலைப்பகுதியில் இருக்கிற வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாம் வெள்ளக்காடாயின. அன்று இரவு அவன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பேசிப் பழக்கமில்லாத எதிர்வீட்டுக்காரர், மாடியிலிருந்து கயிறு போட்டுப் பிள்ளையையும் கிழவியையும் ஏற்றிக்கொண்டார். மூன்று நாள் அவருடைய வீட்டில் இருந்தார்கள்.

பின்னால் நான் போய்ப் பார்த்தேன். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வண்டற்கோடு படிந்திருந்தது. அந்தத் தாயார் என்னைக் கோபிக்கவில்லை. கோட்டைக் கையால் தடவிக் காட்டி, "கண்மாய்க்குள்ள வீட்டைக் கட்டுனா கண்மாய் வரத்தான செய்யும். ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும் சாமி?" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? தரகர் ஏமாற்றினார் என்று சொல்லலாம். ஆனால் நான் அறிந்த மண்ணைப் பார்த்தும் அறியாதவன் போல இருந்தேன் என்பதே உண்மை. ஆகையால்தான் போன மாதம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றபோது எனக்கு நா எழவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறேன்: எந்த இடத்தையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். வைகாசியில் ஒரு முறை. கார்த்திகையில் ஒரு முறை. வைகாசியில் போனால் குடிக்கிற தண்ணீர் உண்டா என்று தெரியும். ஆழ்குழாய் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, கேன் தண்ணீருக்கு மாதம் என்ன செலவு என்று கேளுங்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, வசதியான தெருக்களிலும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள் என்பதை மறக்க வேண்டாம். கார்த்திகையில் போனால் வேண்டாத தண்ணீர் வருகிறதா என்று தெரியும். மழை பெய்த மறுநாள் போய்த் தெருவில் நடந்து பாருங்கள். 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருக்கோடிக் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கு விற்க மனை இல்லை, ஆகவே உண்மையைச் சொல்லுவார். கழிவுநீர் எங்கே போகிறது, பாதாளச் சாக்கடை உண்டா, இல்லை லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெள்ளம் சென்னைக்கு மாத்திரம் வருவதல்ல. 2023 டிசம்பரில் நம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் அறிவோம். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

மூன்றாவது: பத்திரம்

நம்மூரில் குறுக்கக் கணக்கு. சென்னையில் கிரவுண்டுக் கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். குறுக்கம் குறுக்கமாக விற்று அரைக் கிரவுண்டு வாங்குகிறோம் என்றால், அந்த அரைக் கிரவுண்டின் காகிதம் கண்ணாடி போலச் சுத்தமாக இருக்க வேண்டாமா?

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய சொந்தக்காரர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டாவும் புலப்படமும் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் பாருங்கள். அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, ஏரியா, வாய்க்காலா, மேய்க்கால் புறம்போக்கா என்று அதில் எழுதியிருக்கும். நான் 2012-ல் அந்த ஒரு காகிதத்தைக் கேட்டிருந்தால், பக்கத்துச் சர்வே எண்ணில் என்ன இருந்தது என்று விளங்கியிருக்கும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது, சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு 2017-ல், 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முந்திய மனைகளை முறைப்படுத்திக்கொள்ள அரசு விதிகள் செய்தது. பழைய மனையை இன்று ஒருவர் விற்றால், முறைப்படுத்திய உத்தரவு எங்கே என்று கேளுங்கள். அடுக்குமாடி வீடானால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டுகிற திட்டம் ரெரா என்னும் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை எழுதி வாங்கிச் சரிபாருங்கள்.

கடன் சங்கதியும் இதோடு சேர்ந்ததே. 30 லட்சம் ரூபாய், 8.5 சத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 26,000 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 62 லட்சத்துக்கு மேல். இருபது வருஷமும் வேலை நிலைக்கும், வீட்டில் ஒருவருக்கும் பெரிய நோய் வராது என்ற எண்ணத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. ஆகவே தவணை போக மீதியில் குடும்பம் பிழைக்குமா என்பதை மனைவியும் உட்கார்ந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அடுப்புச் செலவு அவளுக்கன்றோ தெரியும்!

நான்காவது: பள்ளிக்கூடமும் தெருவும்

பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பெயருள்ள பள்ளிக்காக ஆறு வயதுப் பிள்ளையைக் காலை ஆறரைக்கு வேனில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்து அரசுப் பள்ளியை நேரில் போய்ப் பாராமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சத இடம் ஏழை எளிய பிள்ளைகளுக்கு உண்டு. அதற்கும் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

பிறகு மாலை ஐந்து மணிக்குத் தெருவைப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்களா? வயதானவர்கள் உட்கார ஒரு நிழல் உண்டா? பெண்கள் இரவு எட்டு மணிக்கு ரயிலடியிலிருந்து பயமில்லாமல் நடந்து வர விளக்கு எரிகிறதா? குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்பதற்கு எந்த விளம்பரப் பலகையையும்விட இவையே நல்ல சாட்சி.

ஐந்தாவது: அயலார்

நம் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் மறு வீட்டுக்குத் தெரியும். புறநகரில் மூன்று வருஷம் எதிரெதிரே குடியிருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு. இது பட்டணத்தின் குற்றம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது; போனவர்களும் பேசாமல் இருந்தால் யார் பேசுவது? அந்த டிசம்பர் இரவில் கயிறு போட்டவருக்கும் நம் பையனுக்கும் அதுவரை இருந்த உறவு, வண்டி நிறுத்துகிற இடத்தைப் பற்றிய ஒரு சண்டை மாத்திரமே. அவர் வேறு மதத்தவர், வேறு மாவட்டத்துக்காரர். இன்றைக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் பள்ளிக்குப் போகிறார்கள்.

சிட்லபாக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். குப்பையும் சாக்கடையும் சேர்ந்து கெட்டுப்போயிருந்த தங்கள் ஏரியை, 2019-ல் அவ்வூர் வாசிகளே மண்வெட்டியோடு இறங்கிச் சுத்தம் செய்தார்கள். பிறகு அரசும் நிதி ஒதுக்கிச் சீரமைத்தது. வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்கள், ஒரு ஏரியின் பேரில் ஊர்க்காரர்கள் ஆனார்கள். குடியேறினவுடன் அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தில் சேருங்கள். சண்டை போடவாவது போங்கள்; முகம் தெரியும்.

கோவிலும் அப்படியே. தாம்பரம் பக்கம், 2002-ல் சென்னை-மயிலை அதிமேற்றிராசனத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கற்பட்டு மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. போகிறவர்கள் ஞானஸ்நானச் சான்றும் விவாகச் சான்றும் என்னிடம் வாங்கிக்கொண்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே அங்குள்ள விசாரணைக் குருவைப் போய்ப் பாருங்கள். திருவிழாவுக்கு மாத்திரம் காமநாயக்கன்பட்டிக்கு வந்து போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். துக்கம் நேரும்போது தோள் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஆறாவது: வயதானவர்கள்

மகன் பாசத்தோடு தாயாரை அழைத்துக்கொண்டு போகிறான். மூன்றாவது மாடியில், காலையில் எல்லாரும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு மாலை வரை அவர் தனியே இருக்கிறார். பேச ஆளில்லை, திண்ணை இல்லை, படி இறங்க முழங்கால் விடவில்லை. "நல்லாத்தான் வச்சிருக்கான் சாமி, ஆனா பொழுது போகல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆகவே வயதானவர்களுக்கும் சேர்த்து வீடு பார்க்கிறவர்கள் தரைத்தளத்திலோ, மின்தூக்கி உள்ள இடத்திலோ பாருங்கள். நடக்கும் தூரத்தில் கோவிலோ பூங்காவோ வைத்தியரோ இருக்கட்டும். இங்கேயுள்ள வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள். ஐப்பசி விதைப்புக்கும் தை அறுப்புக்கும் வந்து தங்க ஒரு கூரை இருந்தால், கிழவருக்கு உயிர் இருக்கும்.

போகவே கூடாதா?

நிற்க. இவ்வளவும் வாசித்துவிட்டு, சாமியார் போக வேண்டாம் என்கிறார் என்று நினைக்காதீர்கள். மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு, இரண்டு வருஷம் பொய்த்தால் மூன்றாம் வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற குடும்பங்களை நான் தினம் பார்க்கிறேன். பிழைக்கப் போவது பாவமல்ல. சூசையப்பரும் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனவர்தானே. அவர் தனியாகப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மிகவும் வருந்துவது, கணவன் அங்கே ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்துக்கொண்டு, மனைவி மக்கள் இங்கே மாதப் பணத்தை எதிர்பார்த்துக்கொண்டு, பிள்ளை தகப்பனைக் கைப்பேசியில் மாத்திரம் அறிந்து வளருகிற குடும்பங்களைக் குறித்தே. அதைவிட, சிறிய வாடகை வீடானாலும் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது எவ்வளவோ மேல்.

வாடகை வீடு என்று சொன்னேன். அதுவே என் முக்கியமான யோசனை. வாங்குவதற்கு முன் அதே தெருவில், அல்லது பக்கத்துத் தெருவில், ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். வைகாசியும் கார்த்திகையும் அதற்குள் வந்துவிடும். பள்ளிக்கூடம் தெரியும், அயலார் தெரிவார், ரயில் நெரிசல் தெரியும். வாடகைப் பணம் வீண் என்பார்கள். 2012-ல் அந்தப் பையன் ஒரு வருஷ வாடகையை வீணாக்கியிருந்தால், இருபது வருஷக் கடனைத் தண்ணீரில் கட்டியிருக்க மாட்டான். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தரையை மூன்றடி உயர்த்தி, மாடியும் எடுத்திருக்கிறான். தவணை முடியவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைச் செய்தி வரும்போது நான் அவனுக்குப் போன் செய்கிறேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவே.

அந்தத் தாயாருக்கு மறு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பதில் இது: "காடு உங்க பேர்ல இருக்கு, முடிவும் உங்களுடையதுதான். மகனை ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்லுங்க. வைகாசியிலயும் கார்த்திகையிலயும் நீங்களே போய் அந்த மண்ணை மிதிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாத மண்ணா? பிறகு விக்கணும்னா பாதிக் காட்டை வித்துக் கொடுங்க, பாதியை வச்சுக்கிடுங்க." அவர் சற்று யோசித்து, "சரி சாமி, கார்த்திகைக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லுதேன்" என்று போனார்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டார் வேலை செய்யும் இடத்துக்கும் பார்க்கிற வீட்டுக்கும் நடுவே, வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை எத்தனை நிமிஷம்? யாராவது ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தோமா?

2. அந்த இடத்தைக் கோடையிலும் மழையிலும் பார்த்தோமா? 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது?

3. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம், அ-பதிவேடு, மனை அனுமதி ஆகிய ஆறையும் வக்கீல் பார்த்தாரா?

4. தவணை போக மீதியில் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தாலும் சமாளிக்க முடியுமா?

5. பிள்ளைகள் நடந்து போகப் பள்ளியும், விளையாட இடமும் உண்டா?

6. தாத்தா பாட்டிக்குப் பகலில் பேசத் துணை யார்? அவர்களைக் கேட்டோமா?

7. அந்தத் தெருவில் நமக்குப் பெயர் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா?

இந்த ஏழில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். காகிதங்களைப் பார்க்கத் தெரியாதவர்கள், எடுத்துக்கொண்டு புதன்கிழமை மாலையில் பங்கு வீட்டுக்கு வாருங்கள். அறிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பார்ப்போம். இம்முறை நான் மண்ணைப் பார்த்து மாத்திரம் பேசமாட்டேன்.

உங்கள் பங்குக் குரு